முதல் வரிசையில் எல்லாரும்

அந்த மருத்துவமனையில் அவள் எல்லாருக்கும் நெட் அக்கா. அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்த தலைமை மருத்துவர்கூட, அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், அப்படித்தான் கூப்பிடுவார். மாடிப்படிக்கு அடியில், போர்வை அடுக்கும் அறையை ஒட்டி அவள் அறை. மருத்துவமனையின் இன்டர்நெட் பெட்டிகள் சூடாகக் கூடாது என்று அங்கே ஏசி எந்நேரமும் ஓடும். அதனால் வெயில் ஏற ஏற அவளுக்குச் சொந்தக்காரர்களும் கூடிக்கொண்டே போவார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். "அக்கா, எங்க பக்கம் நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்பார்கள். அவளும் பார்த்துப் போடுவாள்.

யார் முகமும் வாடக் கூடாது அவளுக்கு. பிறவிக் குணம், என்ன செய்வது? "ஊருக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டுற. முடியாதுங்கறதை மட்டும் எனக்குன்னு எடுத்து வச்சிருக்கியா?" என்று வேன் ஓட்டும் கணவன் கேட்பான். அதற்கும் அவள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு போன வாரம் காணாமல் போனது. காது கேளாத ஒரு தையல்காரப் பெண், வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் பற்றிப் பேச வந்திருந்தாள். டாக்டர் பேசுவதை, வேறோர் ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அம்மா வீடியோவில் கையால் சொல்வார். இவள் கையால் சொல்வதை அவர் வாயால் சொல்வார். பாதியில் படம் நின்றுவிட்டது. காது கேட்கிறவர்களுக்குக் குரலாவது வரும். அவளுக்குப் பேச்சே நின்றுவிட்டது. அவசரத்தில் டாக்டர் தன் வயிற்றைக் கீறுவதுபோலக் காட்டி விளக்கப் பார்த்தார். நல்ல மனதோடுதான் செய்தார், ஆனால் செய்திருக்கக் கூடாது. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதாள். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கட்டியோ தள்ளிப்போடக் கூடாத கட்டி.

"கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை வர வச்சிருக்கேன்க்கா. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா அவ்ளோதான்" என்று அந்தப் பெண்ணின் அண்ணன் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு தடவை இன்றைக்கு. நெட் அக்கா காலையிலேயே வந்து ஃபயர்வாலைத் திறந்தாள். மருத்துவமனைக்கு வரும் இன்டர்நெட் முழுவதும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே வரும், வெளியே போகும். லைன் நெரிசலாகும்போது யாரை முதலில் விடுவது, யாரைக் காக்க வைப்பது என்று அதில்தான் வரிசை போட்டு வைக்க வேண்டும். முதல் வரிசையில், இந்த ஆலோசனை நடக்கும் வீடியோ அறை இருந்தது. அதோடு மருந்துக்கடை, கணக்குப் பிரிவு, கேன்டீன் டிவி, தலைமை மருத்துவர், அவருடைய டிரைவரின் செல்போன் என்று ஊரே இருந்தது. இரண்டாவது வரிசையில் ஈ காக்கை இல்லை.

எல்லாம் அவள் போட்டதுதான். ஒரே குளியலறை உள்ள வீட்டில் எல்லாரையும் நீ முதலில் போ, நீ முதலில் போ என்று அனுப்பி வைத்ததுபோல் ஆகியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராகக் கீழே இறக்கினாள். வீடியோ அறைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினாள். அங்கே பேச்சு இல்லாத நேரத்தில் மற்றவர்கள் அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். பேச்சு தொடங்கியதும் விட்டுவிட வேண்டும்.

சற்று நேரத்தில் தலைமை மருத்துவரின் போன் வந்தது.

"என்னம்மா, என் ரூம்ல நியூஸ் சுத்திக்கிட்டே நிக்குதே?"

"கொஞ்ச நேரம் சுத்தட்டும் சார். கீழே அந்தப் பொண்ணு வந்திருக்கு."

வேலைக்கு வேட்டு என்றே நினைத்தாள். "ஓ, அந்தப் பொண்ணா? அப்போ சரி" என்று வைத்துவிட்டார். முடியாது என்பது இத்தனை சுலபமா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

வீடியோ அறையில் லேப்டாப்போடு ஒரு மூலையில் நின்றுகொண்டாள். மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் கைகள் திரையில் பளிச்சென்று அசைந்தன. தையல்காரப் பெண் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்கக் கையைத் தூக்கினாள்.

"டாக்டர், அவங்க கை எனக்குத் திட்டுத் திட்டா வருது. என்ன கேக்கறாங்கன்னே புரியலை" என்றார் திரையிலிருந்த அம்மா.

பெண்ணின் கைகள் மெல்ல மடிக்குத் திரும்பின. நெட் அக்கா லேப்டாப்பில் ஃபயர்வாலைத் திறந்து பார்த்தாள். உள்ளே வருவதற்கு மட்டும் வரிசை போட்டிருந்தாள், வெளியே போவதை அப்படியே விட்டுவிட்டாள். எல்லாரும் புகார் சொல்வது வருகிற பக்கத்தைப் பற்றித்தான். அவளும் பார்த்துப் பழகியது அந்தப் பக்கத்தைத்தான். இந்தப் பெண்ணின் பேச்சோ போகிற பக்கத்தில் இருந்தது. அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தாள். ஸ்கேன் அறை! ராத்திரி அனுப்ப வேண்டிய படங்களைப் பகலிலேயே வெளியூர் சேமிப்புக் கணினிக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்று ஸ்கேன் தம்பி கெஞ்சி வாங்கிய அனுமதி. கொடுத்த புண்ணியவதி வேறு யார்?

அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாள். போகிற பக்கத்திலும் அறைக்குப் பங்கு ஒதுக்கினாள்.

"ஆங், இப்போ விரல்கூடத் தெரியுது. கேளும்மா" என்றார் அந்த அம்மா, கையாலும் வாயாலும் சேர்ந்தே.

பெண் கேட்டாள். ஒன்று கேட்டு நிறுத்தவில்லை. டாக்டர் பதிலை முடிப்பதற்குள் கை நீட்டித் தடுத்தாள். "இரு, அதை மறுபடி சொல்லுன்னு சொல்றாங்க" என்றது திரை. எங்கே வெட்டுவீர்கள், எத்தனை நாள் மிஷின் மிதிக்கக் கூடாது, கட்டியை வெட்டி எடுத்ததும் எனக்குக் காட்டுவீர்களா என்று டாக்டரை ஒரு வழி பண்ணிவிட்டாள். அண்ணன் இடையில் ஏதோ சொல்ல வந்தான். அவனையும் ஒரு கையால் அடக்கினாள். நெட் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன வாரம் தலையை மட்டும் ஆட்டிய பெண்ணா இது? அப்பாடா என்றிருந்தது.

கடைசியில் பெண்ணின் கை தயங்கியது. திரையிலிருந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு ஒத்துக்கறாங்க. ஆனா மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கும்போது நான் இதே மாதிரி திரையில எதிர்ல இருப்பேனான்னு கேக்கறாங்க. இல்லேன்னா வலிக்குதுன்னு யார்கிட்ட சொல்றதுன்னு கேக்கறாங்க."

டாக்டர் மூலையைப் பார்த்தார்.

"இருப்பீங்கன்னு சொல்லுங்கம்மா" என்றாள் நெட் அக்கா. மயக்கம் தெளியும் அறை எந்த மாடி, எந்தக் கேபிள் என்று அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். முதல் வரிசையில்தான் இப்போது இடம் இருக்கிறதே.