காலளவு நூல்

எட்டு வயதில் நான் ஓர் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தேன். சும்மா சொல்லவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது கல்லூரியில் மனித வளர்ச்சியும் சமூக உறவுகளும் என்று ஒரு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையை ஒரு மாதம் கவனித்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். கைக்கு அகப்பட்ட குழந்தை நான். தினம் சாயங்காலம் மண்ணூர் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் டேப்பை எடுத்துவிடுவாள். உயரம், கை நீளம், தலைச் சுற்றளவு. நேற்றைக்கும் இன்றைக்கும் தலை என்ன வளர்ந்துவிடப் போகிறது என்று கேட்டேன். ‘கேள்வி கேட்கும் சுபாவம் உண்டு’ என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

நிலம் விற்ற பணத்தில் அப்பா வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு கம்பெனி பஸ்ஸும் ஓட்டினார். அவர் ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் ஆட்களில் பாதிப்பேர் எங்கள் ரூம்களில்தான் தூங்கினார்கள். ஒடிசா, ஜார்கண்ட், திருநெல்வேலி எல்லாம் உண்டு. எல்லாரும் ஒண்டிக்கட்டை ஆண்கள். நாலாம் நம்பர் ரூமில் மட்டும் பீகாரிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும். மற்றவர்கள் அவளை பாபி என்று, இந்தியில் அண்ணி என்று, கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அப்பா எதிரே வந்தால் பாபி முந்தானையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். அவர்கள் ஊரில் அது மரியாதை. அம்மாவுக்கு அது தெரியாது. "இன்னா திமிரு பாரு, மூஞ்சி குடுத்துப் பேசமாட்டா" என்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டியதும் அம்மாதான். அத்தையின் நோட்டில் ‘வேறு பண்பாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம்’ என்று தனியாக ஒரு பக்கம் உண்டு. நாலாம் நம்பர் ரூமை எட்டிக்கூடப் பார்க்காமல், அம்மா சொன்னதை வைத்தே, ‘குழந்தைகள்: இல்லை’ என்று எழுதி அழகாகக் கோடும் போட்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா பஸ்ஸைக் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் நசுக்கப் போயிருந்தார். பாபி வந்து, "பாப்பா சாப்பாடு, வா" என்று என் கையைப் பிடித்தாள். பொரிகடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே தலையை ஆட்டினாள்.

அவர்கள் வழக்கப்படி அன்றைக்கு ஒன்பது சிறுமிகளை அம்மனாக நினைத்து உட்காரவைத்து, கால் கழுவிச் சாப்பாடு போட வேண்டும். எங்கள் வரிசையில் பாபிக்குக் கிடைத்தது நான் ஒருத்தி. மிச்ச எட்டுப் பேரின் பூரியும் எனக்கே என்று குஷியாக உட்கார்ந்தேன். தட்டில் வைத்துக் கால் கழுவினாள். பாதத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயம் தீட்டினாள். பிறகு குனிந்து நெற்றியால் என் காலைத் தொட்டாள். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் தையல் நூலை எடுத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை வைத்துப் பார்த்து, முடிச்சுப் போட்டு அறுத்தாள். காலை மட்டும் உடனே விடவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. எண்ணெய்ப் புகை என்று நினைத்தேன்.

வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்து சொன்னேன், "பாபி என் கால்ல வுந்துச்சி."

"பெரியவ வுந்தா உனுக்கு ஆயுசு கொறயும்டி!" என்று அம்மா பதறினாள். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு அதுவரை கிடைத்ததில்லை. நூல் விஷயத்தையும் அவிழ்த்துவிட்டேன்.

அவ்வளவுதான். எங்கள் தெருவில் காலடியும் நூலும் சேர்ந்தால் செய்வினை என்றுதான் அர்த்தம். அதுவும் பிள்ளை இல்லாதவள் பிடித்த கால். அம்மா நேரே போய் நூலைப் பிடுங்கி வந்து, காய்ந்த மிளகாயோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. அதுவே அத்தாட்சியாகிவிட்டது. அப்போதுதான் டயர்களுக்குத் திருஷ்டி கழித்துவிட்டு வந்த அப்பா, "ஒன்னாந்தேதி ரூமைக் காலி பண்ணிடணும்" என்றார். அம்மா பின்னாலேயே ஓடிவந்த பாபி, அப்பா இருந்ததால் முகத்தை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ.

"அத்த டெய்லி அளக்குதே, அத்தயயும் காலி பண்ணச் சொல்வியாப்பா?" என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அத்தை இந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பரீட்சை பாஸ் செய்த இந்தியோடு நாலாம் நம்பர் ரூமுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"அவளுக்கு ஒரு பொண்ணு கீது அண்ணி. இவ வயசுதான். மாமியார்கிட்ட வுட்டுட்டு வந்துட்டு, ரெண்டு வருஷமா பாக்கல. அடுத்த மாசம் அவங்க ஊர் பூஜைக்குப் போறாளாம். செருப்பு வாங்கிக்கினு போணும், பொண்ணு காலு எவ்ளோ வளந்துச்சின்னு தெரியல. அதான் இவ கால்ல அளவு எடுத்தா."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார். காலி பண்ணுவதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையும் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. அத்தை மட்டும் ‘இல்லை’ என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பாபியையும் என்னையும் ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போனாள். எரித்த நூலுக்குப் பதில் அளவாக நானே போனேன். அது எனக்குத் தெரியாது, எனக்குச் செருப்பு வாங்கத்தான் போகிறோம் என்று இருந்தேன்.

பட்டாம்பூச்சி வைத்த சிவப்புச் செருப்பு. போட்டு நடந்து பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. பாபி தலையை ஆட்டி, ஒரு அளவு பெரியது கேட்டாள். அது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் அதைத்தான் வாங்கினாள். டப்பா அவள் பைக்குள் போனதும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கடைத் தெருவில் உட்கார்ந்து அழுதேன். எதற்கெல்லாமோ அடிக்கும் அம்மா அன்றைக்கு அடிக்கவில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் பாபி சொல்லிக்கொள்ள வந்தாள். நான் பாவாடைக்குள் காலை மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கடைசிவரை எனக்கு அவள்மேல் கோபம்தான். செருப்பு எனக்கு இல்லை என்பதுகூட இரண்டாம் பட்சம். கச்சிதமாக இருந்ததை விட்டுவிட்டு, நடந்தால் கழன்று விழுவதை யாராவது வாங்குவார்களா? அடுத்த முறை மகளின் காலைப் பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அத்தனை நாளும் அந்தச் செருப்பு மகளின் வளரும் காலுக்குச் சேர வேண்டும். இது எனக்கு அப்போது தெரியவில்லை. பாபிக்குச் செருப்பு வாங்கவே தெரியவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.