சோம்புக்காக விலகிய கான்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தின் பின்புறம் நிற்கிறேன். மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்ட இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் இழுத்துக் கட்டிய கயிறு, கொழுந்து பறிக்கும் மாரியாயியின் சோம்புச் செடிகளுக்கு நடுவே போகிறது. சமையலுக்கு வாங்கியதில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் தூவியவை, இன்று என் தோளுயரம்.

“காய் இன்னும் பச்சையா இருக்குண்ணே. இப்ப வெட்டினா வெதையே கெடைக்காது,” என்கிறார் மாரியாயி.

“மழை காத்திருக்குமா? வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்,” என்கிறார் வெட்ட வந்தவர்களில் மூத்தவர். அதுவும் உண்மைதான்.

நான் தாவரவியல் ஆசிரியன். செடியை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. தண்டின் நுனியிலிருந்து குடைக்கம்பிகள்போலக் காம்புகள் விரிகின்றன. ஒவ்வொரு காம்பின் முனையிலும் மறுபடி ஒரு குட்டிக் குடை. சீரகமும் கொத்தமல்லியும் கரட்டும் இப்படித்தான் பூக்கும், எல்லாம் ஒரே குடும்பம் என்கிறேன்.

மூத்தவர் ஒரு பச்சைக் காயைக் கிள்ளி மெல்லுகிறார்.

“இனிக்குதே!” என்று சிரிக்கிறார். பிறகு கயிறு கட்டிய முளையைப் பிடுங்கி இரண்டடி தள்ளி அடிக்கிறார். “ஆனா இங்கிட்டு கல்லு கெடக்கு. வேலை கூடும்.”

புதிய கயிறு வல்லாரைப் பாத்தியின் மேல் போகிறது. அதுவும் இதே குடும்பம்தான் என்று பதறுகிறேன்.

“அது கொடி ஓடிப் பொழைச்சுக்குங்க சார்,” என்கிறார் மாரியாயி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்களுடைய இரும்பு அலவாங்கை எடுத்து முதல் கல்லை நெம்புகிறார்.