வீணாவுக்குக் கொண்டுபோன திராட்சை

ஆஸ்டின் டவுன் நாகேஷைத் தெரிந்தவர்களுக்கு அவனுடைய லேபும் தெரிந்திருக்கும். அவ்வளவு தம்பட்டம். உணவு கெடாமலிருக்க வழி தேடும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் உதவியாளன். ஓம எண்ணெய் பூஞ்சையைக் கொல்லும். ஆனால் நெடி தாங்காது, சீக்கிரம் ஆவியாகியும் போய்விடும். அதனால் அங்கே ஆராய்ச்சியை நடத்தும் வித்யாலட்சுமி மேடம் அந்த எண்ணெயைப் பால் புரதத்துக்குள், கண்ணுக்கே தெரியாத துகள்களாகப் பொதிந்து பழத்தின்மேல் தெளித்தார். எண்ணெய் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேலை செய்யும். புரதப் பொடியை எடை போட்டுக் கரைத்துக் கொடுப்பது நாகேஷ். தெளித்த திராட்சை வாரக்கணக்கில் வாடாமல் கிடந்ததை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தான்.

கல்யாணமாகாத அவனுக்கு உயிரென்றால் பக்கத்து ஏரியா நீலசந்திராவில் இருக்கும் தங்கை சங்கமித்ராவின் மகள் வீணாதான். அந்தக் குழந்தைக்குப் பால் ஆகாது. துளி உள்ளே போனாலும் முகம் வீங்கி மூச்சுத் திணறும். இதில் பெற்றவளைவிட மாமன்தான் கெடுபிடி. ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாசமாக ஊட்ட வந்த பால்கோவாவைத் தட்டிவிட்டு, பந்தியிலேயே சண்டை போட்டவன். பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கேக். வீணாவுக்கு மட்டும் மாமன் கொண்டுவரும் பழம். அதுதான் வழக்கம்.

போன வருடம் கடைத் திராட்சை எதுவும் அவன் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. சோதனைக்குத் தெளித்து வைத்த பழத்தை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எடுத்துப்போவார்கள். அவனும் நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்தான். தங்கை கழுவப் போனபோது, இது எங்க லேப் திராட்சை, இதன் அருமை உனக்கென்ன தெரியும் என்று தடுத்து, தன் கையாலேயே ஊட்டினான். தினமும் தான் கரைக்கிற பொடி பால்தான் என்பது அந்தப் பாவி மனுஷனுக்கு அப்போது தோன்றவேயில்லை. லேபில் அது பொடி. பால் என்றால் அவனுக்குக் காலையில் வாங்குகிற பாக்கெட்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க, வெறும் திராட்சைதான் என்று சங்கமித்ரா அடித்துச் சொன்னாள். அப்போதுதான் நாகேஷுக்கு உறைத்தது. டாக்டரிடம் உள்ளதைச் சொன்னான். குழந்தை பிழைத்துக்கொண்டாள். தங்கை அழவுமில்லை, திட்டவுமில்லை.

"ஊருல யாரையும் நம்பாம உன்ன ஒருத்தனத்தான் நம்புனேண்ணா," என்றாள்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் அவனுக்குச் சோறு உண்டு, 'வாண்ணா' உண்டு. லேபைப் பற்றி மட்டும் அவன் வாயே திறப்பதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான். விட்டால் மட்டும் அந்த நாள் இல்லையென்று ஆகிவிடுமா?

இந்த வருடப் பிறந்தநாளுக்கு மார்க்கெட்டில் நின்று நிதானமாகப் பொறுக்கித் திராட்சை வாங்கினான். மனசு கேட்காமல், திரும்பத் திரும்பக் கழுவித் துடைத்துப் பையில் கட்டினான். சங்கமித்ரா சிரித்த முகமாக வாங்கி அலமாரிமேல் வைத்தாள். வீணா அம்மா உரித்துக் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றாள். ஒரே ஒரு திராட்சை அவள் வாயில் போவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று நாகேஷ் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து வந்துவிட்டான்.

தெருமுனை திரும்பும்போது வீணா பின்னாலேயே ஓடிவந்தாள். கையில் அதே பை, அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"மாமா, இத மறந்துட்டுப் போறீங்க. அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"ஆமா கண்ணு, மறந்துட்டேன்," என்று வாங்கிக்கொண்டான்.