வைஃபைக்குள் வந்த அந்நியர்

மன்னாரில் வைஃபை இணைப்புப் பூட்டிக் கொடுப்பவனுக்குப் பாதி வேலை கள்ளன் பிடிப்பதுதான். "எங்கட லைனை ஆரோ இழுக்கினம், வந்து பாருங்கோ" என்ற அழைப்பு வராத நாள் இல்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வைஃபையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நீண்ட முகவரி உண்டு. அதன் முதல் ஆறு எழுத்துகள், செய்த கம்பனியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பக்கத்து வீட்டுக் கள்ளன்

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகம். பேச்சே நின்றுவிட்டது. வைஃபையில் சேர்ந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். லைனை ஓயாமல் இழுத்தது ஒரு டிவி கம்பனியின் சாதனம். நிமிர்ந்து பார்த்தால், மாஸ்டரின் விறாந்தையில் அதே கம்பனி டிவி ஆளில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. மனுஷன் அசரவில்லை. "அது சரி தம்பி. ஆனா சத்தம் முழுக்க அவையின்ர வீட்டுக்குத்தானே போகுது!"

பெயர் மறைக்கும் போன்கள்

இப்போதைய போன்கள் உண்மையான முகவரியை மறைத்து, வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகின்றன. கம்பனியைத் தேடினால் 'தெரியாது' என்றுதான் வரும். விடுதி நடத்தும் அக்கா ஒருவருக்கு இதை மூச்சுப் பிடித்து விளக்கினேன். "இஞ்ச அறை எடுக்கிற ஆக்களிலயும் பாதிப்பேர் அப்பிடித்தான் தம்பி."

அணைக்காத வெளிச்சம்

நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் முதலாளி ஒருவர். தன் விலை முன்கூட்டியே வெளியே போகிறது என்று அவருக்குப் புழுக்கம். அவர் போனில் விலை பேசினால் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும் என்பது வேறு கதை. வைஃபைப் பட்டியலில் கேள்விப்படாத ஒரு கம்பனியின் பெயரைக் கண்டதும், ஒட்டுக்கேட்கும் கருவிதான் என்று முடிவுகட்டிவிட்டார். வைத்தது கந்தோரில் வேலை செய்யும் ஜெசிந்தாவாம். அன்றோடு அவளை வேலையிலிருந்து நிற்பாட்டப் போவதாகவும் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கதிரையில் இறுகிப்போய் இருந்தாள். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல். முகவரி காட்டுவது பல நேரம் உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பனியை. பெட்டிமேல் இருப்பது வேறு பெயர். ஆகவே ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினோம். கம்பியூட்டர், கமரா, பிரிண்டர். அந்தப் பெயர் போகவேயில்லை. "எல்லாம் கழட்டியாச்சே" என்றார் முதலாளி. கந்தோர் மூலையில் இருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு பல்ப் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து மகன் அனுப்பியது, போனில் நிறம் மாற்றலாம். சுரூபத்து வெளிச்சத்தை அணைக்க எங்கள் பக்கத்தில் யாருக்குக் கை வரும்? சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அணைத்தேன். அந்நியர் பட்டியலை விட்டுப் போனார்.

முதலாளி தலையில் கைவைத்தார். "ஐயோ, நான் அந்தோனியாரையெல்லோ சந்தேகப்பட்டிட்டன்! நாளைக்கே போய் மெழுகுதிரி கொளுத்தவேணும்."

ஜெசிந்தா எழுந்தாள். "அவருக்கு மெழுகுதிரி கொளுத்துவியள் முதலாளி. என்னட்டை என்ன சொல்லப் போறியள்?"

எந்தச் சாதனத்தை எந்தக் கம்பனி செய்தது என்று நான் எப்படியாவது தேடிச் சொல்லிவிடுவேன், அதை வாங்கி மாட்டியது யார் என்பதை மட்டும் வீட்டுக்காரர்கள் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.