மூன்றாவது சேலை

நேற்று விழுப்புரத்தில் வாங்கிய குழம்புத்தூள் பாக்கெட்டைப் பிரித்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது!

திண்டிவனத்தில் எங்கள் தெருவின் மூன்று அம்மாக்கள் அந்தத் தூள் கம்பெனியில்தான் வேலை செய்தார்கள். மிளகாய், மல்லி எல்லோரும் போடுவதுதான். ரகசியச் சரக்கு மூன்றையும் ஆளுக்கொன்றாகத் தனித்தனி அறையில் வறுக்க வைப்பார் முதலாளி. கதவைச் சாத்திக்கொண்டு அவரே கலப்பார்.

ஒருநாள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த நான், வேலை முடிந்து வந்த மூவரின் சேலைகளையும் பிடித்து மோந்தேன்.

"வெந்தயம், எங்கம்மா! சோம்பு, மேரி அத்தை!"

மூன்றாவதும் தெரிந்துவிட்டது! சொல்வதற்குள் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"எங்களுக்குத் தெரியாதாடி? வாய மூடிக்கினு இரு! மொதலாளி காதுல வுழுந்தா மூணு பேருக்கும் வேலை பூடும்!"

கம்பெனி இன்னும் ஓடுகிறது. மூன்றாவது சேலையின் வாசனையை இங்கேயும் எழுதமாட்டேன்.