அணைக்கரையில் ஒரு முழம் மல்லி

பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். நான் பி.எஸ்சி. இயற்பியல். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், தெரியும். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

ஒரு சனி ஞாயிறு, அக்கா, மச்சான், அவர்கள் மகள் பூஜா, நான் என்று சத்தியமங்கலம் பக்கம் ஊர் சுற்றப் போனோம். சுற்றுலாவாம். பெயின்ட் உரிந்த பூங்கா, எண்ணெய் சொட்டும் மீன் வறுவல், எல்லாவற்றின் முன்னாலும் எங்களை நிறுத்திப் படம் எடுக்கும் மச்சான். தங்கியது அவருடைய சிநேகிதரின் மல்லித் தோட்டத்தில், அணைத் தண்ணீரை ஒட்டி. கோடையில் தண்ணீர் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் பழைய கோயில் வெளியே தெரிந்தது.

சாயங்காலம் அதைப் பார்க்கக் கிளம்பியபோது சிநேகிதரின் மனைவி ருக்மணியக்கா, ஒரு முழம் பூவை ஈர வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்.

"தம்பி, மோந்துபோடாதீங்க. தண்ணியோரம் வெச்சுப்போட்டுப் போங்க. அடியில இருக்கறது எங்க ஊருங்க, மொதப் பறிப்பு அவிங்களுக்குத்தானுங்க."

"ஏனுங்கக்கா, தண்ணிக்குள்ள தலை பின்னிட்டு உக்காந்திருக்காங்களா?"

அவர் முன்னாலேயே மூக்கு முட்ட மோந்தேன். பூவைப் பூஜாவின் சடையில் செருகினேன். ருக்மணியக்கா என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பினால் நம்புங்கள், ஒரு மரம்கூட இல்லாத வெடித்த சேற்றுத்தரை அது, வெயில்கூட இறங்கவில்லை, மச்சான் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார், நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன், திரும்பினால் பூஜாவைக் காணோம். ஐந்து வயதுக் குழந்தை. அக்கா கத்திய கத்தலில் கொக்குகள் எழும்பின. "மாப்ள, தண்ணிப் பக்கம் பாரு!" என்று மச்சான் அலறினார்.

கடைசியில் பார்த்தால் கோயில் படியில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறாள். நடுவில் தண்ணீர். இறங்கினேன், மார்பளவு. அவள் கவுனோ இஸ்திரி போட்டதுபோல் காய்ந்திருந்தது. பரிசல்காரர் யாரோ ஏற்றிப்போயிருப்பார் என்று மச்சானிடம் அடித்துப் பேசினேன். கரையில் இருந்த ஒரே பரிசல் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் ஒரு காக்கை.

சடையில் பூ இல்லை.

"அந்த அக்கா கேட்டாங்க மாமா. குடுத்துட்டேன்."

"எந்த அக்கா, கண்ணு?"

தண்ணீரைக் காட்டினாள்.

அன்றிலிருந்து எனக்கு மல்லி மணப்பதில்லை. டீசல், காப்பித்தூள், சாணி எல்லாம் மணக்கிறது, மல்லி மட்டும் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சளி என்றார். படித்த முட்டாள். இரண்டு வருடமாகவா சளி?

சரி, அதுகூடப் போகட்டும். பயத்தில் அக்கா, பூஜாவுக்குப் பூ வைப்பதையே விட்டுவிட்டாள். போன ஞாயிறு பூஜா குளித்த ஈரத்தலையோடு ஓடிவந்து என் முதுகில் ஏறினாள். அறை முழுக்க மல்லி மணம்.

"அக்கா, மணக்குதா?"

"ஏன்டா, என்ன மணக்குது?" என்றாள் அவள்.

பூஜா மட்டும் என் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.