ஃபேக்டரி விஷயம்

என் வலது புருவத்துக்கு மேலே நாலு தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. தையல் போட்டது ஆஸ்பத்திரியில். காயம் கொடுத்தது என் அப்பா. அப்பாவின் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பல் பதிந்த தடம் இருக்கிறது. அது என் பல். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அறையில், ஒரு நிமிஷத்துக்குள் நடந்தவை. கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். பொய் எனக்கு ஒட்டவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூக்குக்கு மேல் கோபம் எனக்குத்தான். அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் குழாயடியில் முறை தப்பி வந்தவளைக் குடத்தாலேயே மண்டையில் போட்டவள் நான். இப்போது நாற்பத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர், இன்னும் புத்தி வரவில்லை. அப்பா எனக்கு நேர்மாறு. சாப்பாட்டில் எறும்பு இருந்தால்கூட ஊதித்தான் விடுவார். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் என்னை ஒரு அடி அடித்ததில்லை.

அங்கே அவர் என்ன செய்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "ஃபேக்டரி விஷயம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டதற்கு, ஃபேக்டரியில் வேலை செய்கிறார் என்று எழுதி முற்றுப்புள்ளி வை என்றார். மற்ற வீட்டு ஆண்கள் அன்றன்றைக்கு உள்ளே நடந்ததையெல்லாம் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்களாம், உங்கப்பா ஒருத்தர்தான் அதைப் படித்துவிட்டுப் போட்டார் என்று அம்மா சொல்வாள். அம்மாவும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தாலியோடு சேர்ந்து வந்த பழக்கம்.

அப்பா ஓய்வு பெற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆவடியிலேயே மாடியும் கீழுமாக ஒரு வீடு கட்டி, கீழ் வீட்டை ஓர் ஆட்டோக்காரருக்கு வாடகைக்கு விட்டு, மாடியில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. நான் அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறேன். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன்.

அந்தச் சனிக்கிழமை பண்ணியபோது அம்மா எடுத்தாள். அப்பா எங்கே என்று கேட்டேன். ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலையாக இருக்கிறார் என்றாள். நான் சிரித்தேன். பென்ஷன் காகிதம் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார் என்று நினைத்து, "ரிட்டயர் ஆன ஆளுக்கு என்னம்மா ஆபீசு" என்று கேலி பண்ணிவிட்டு வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டேன். அம்மா மெல்லிய குரலில், அவர் இன்னும் வெளியே வரவில்லை, சாப்பாடு கதவோரத்தில் அப்படியே இருக்கிறது என்றாள். பிறகு, யாருக்கோ பயந்தவளாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஊசி போட்டுக்கல பாப்பா. மருந்து ஃப்ரிஜ்ஜுல இருக்கு. போன்ல யாரோ போலீஸ் ஆபீசர் இருக்காராம், அதை எடுக்கக்கூட வெளிய வரக் கூடாதாம். ஃபேக்டரி விஷயம், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படிப் போலீஸ் வேஷம் போட்டு, போனிலேயே ஆளைக் கைது பண்ணி வைக்கிறார்கள் என்று எங்கள் கம்பெனியில் ஒரு பெண் தன் மாமனாருக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாள். ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட் போட்டேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

உள்ளே நடந்ததை அப்பா பின்னால் துண்டு துண்டாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்திருக்கிறது. டெல்லியிலிருந்து பேசுகிறோம், உன் ஆதாரை வைத்து ஒரு சிம் வாங்கி அதில் தப்புக் காரியம் நடக்கிறது, உன் பேரில் வாரண்ட் இருக்கிறது என்று ஒருவன் மிரட்டியிருக்கிறான். அப்பா பதறிப்போய், ஐயா நான் அப்படிப்பட்டவன் இல்லை, இந்த ஃபேக்டரியில் வேலை செய்தவன் என்று சொல்லி, டோக்கன் நம்பரையும் சொல்லியிருக்கிறார். கேட்டில் காவல்காரர் நிறுத்தினால் முதலில் டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே ஆளுக்கு அடையாளம். பழக்கம் நாக்கில் இருந்தது, வந்துவிட்டது. லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் வேறொருவன் வீடியோவில் வந்திருக்கிறான், காக்கிச் சட்டையும் பின்னால் கொடியுமாக. வந்தவன் அந்த டோக்கன் நம்பரைச் சொல்லி, உன் ஃபைல் என் மேஜை மேல் இருக்கிறது, உள்ளே பார்த்ததையெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு விற்றவன் நீதானே என்று கேட்டிருக்கிறான்.

நம்பரை ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தானேதான் கொடுத்தோம் என்பது அப்பாவுக்கு உறைக்கவில்லை. டோக்கன் நம்பர் தெரிந்திருக்கிறதென்றால் மேலிடம்தான் என்று நம்பிவிட்டார். பெண்டாட்டி பிள்ளையிடம்கூட வாய் திறக்காத மனிதனைப் பார்த்து ரகசியத்தை விற்றவன் என்றான் அந்தப் படுபாவி. அந்த ஒரு சொல்லில் அப்பா செத்துவிட்டார். டிஜிட்டல் அரெஸ்ட், ரூமை விட்டு நகரக் கூடாது, போன் அணையக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது, திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் இருக்கிற பணத்தையெல்லாம் சோதனைக்கென்று அவர்கள் சொல்கிற கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றிருக்கிறார். ஒன்றுக்குப் போகக் கை தூக்கி அனுமதி கேட்டிருக்கிறார். ஊசிக்குக் கேட்டாராம், உட்கார் என்றார்களாம்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். "விசாரணை நடக்குது, போயிடு பாப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நாக்கு தடித்துப்போய், குடித்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. கெஞ்சினேன், திட்டினேன், உதைத்தேன். திறக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா குறுக்கே விழுந்து என் கையைப் பிடித்தாள். ஃபேக்டரி விஷயம்டி, அவருக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடும் என்று அழுதாள். பெற்ற தாயைத் தள்ளிவிட்டேன். அவள் சுவரில் மோதி உட்கார்ந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் குறிவைத்துக் குழவியால் இடித்தேன். நாலாவது இடியில் பலகை பிளந்து கதவு உள்ளே போய் அடித்தது.

அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு செம்பில் சாய்த்து வைத்த போன். உதடெல்லாம் வெடித்திருந்தது. கண் என்மேல் படாமல் எங்கேயோ போனது. நான் போனை எடுக்கப் பாய்ந்தேன். அதற்குள் அந்தக் காக்கிச் சட்டைக்காரன் கத்தினான்.

"யார் அவ? வெளியே தள்ளு அவளை."

"சரிங்க சார்" என்றார் அப்பா.

இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத மனிதருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. பீரோ முனையில் என் நெற்றி மோதியது. வலி தெரியவில்லை, கண்ணில் ரத்தம் இறங்கி அறையே சிவப்பாகிவிட்டது. விடவில்லை அவர். என் கொண்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். போனில் அந்தப் பாவி, இழு இழு என்று மாடு ஓட்டுகிறவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அப்பா அலறிக்கொண்டு விட்டார். கீழே கிடந்த குழவியை எடுத்து, செம்பும் போனும் சேர்த்து நசுங்க மூன்று தடவை போட்டேன். அவன் மண்டையில் போடுவதாக நினைத்துத்தான் போட்டேன். நசுங்கியது கண்ணாடி.

அப்பா மண்டிபோட்டார். உடைந்த துண்டுகளைக் கடிபட்ட கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, "சார், சார், நான் பண்ணலைங்க சார்" என்று அந்தத் துண்டுகளிடம் சொன்னார். அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

சத்தம் கேட்டு ஆட்டோக்காரர் படியேறி வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. அப்பாவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, மூஞ்சி ஃபுல்லா ரத்தம் ஊத்திகினு கீது. நைனாவ நான் பாத்துக்கிறேன், நீ துணிய வெச்சு அமுக்கிகினு வா."

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை மிஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அதாவது பேங்க் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். பக்கத்து அறையில் எனக்குத் தையல் போட்டார்கள்.

புகார் எழுதிக்கொள்ள வந்த போலீஸ்கார அம்மா பொறுமையானவர். எந்தப் போலீசும் எந்தக் கோர்ட்டும் போனில் கைது பண்ணாது, வீடியோவில் காவல் வைக்காது, அப்படி எவனாவது சொன்னால் கட் பண்ணிவிட்டு வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார். பேங்குக்கும் உடனே சொல்லிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னார். போனை உடைத்ததற்கு எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. அதில்தான் அவர்கள் நம்பரும் படமும் இருந்தன, வெறுமனே அணைத்திருந்தால் போதுமாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

உயிர் வந்தது, பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எனக்கும் வீம்பு. ஒவ்வொரு ஞாயிறும் போவேன், புதுக் கதவைப் பார்ப்பேன், அம்மாவிடம் பேசுகிற சாக்கில் அவர் காதில் விழக் கத்துவேன். எவன் யாருக்கும் சொல்லாதே என்கிறானோ அவன் திருடன், அவன் சொன்னதை ஊருக்கே சொல்ல வேண்டும் என்பேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் புதுப் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். முகம் வெளுத்தது. அப்பாவின் இடது கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. மாட்டப் போகிறார் என்று நான் எழுந்தேன். அந்தக் கை பாதியில் நின்றது. போனை ஸ்பீக்கரில் போட்டு, சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாப்பா, இங்க வா. கீழ ஆட்டோத் தம்பியையும் கூப்புடு. கோர்ட்டுலேர்ந்து பேசறானாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்றான், எல்லாரும் வந்து கேளுங்க."

லைன் அறுந்துவிட்டது. அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்காததைக் கேட்டாள்.

"அப்படி என்னதாங்க செஞ்சீங்க அங்க?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "போல்ட்டு" என்றார். "போல்ட்டுக்கு மரை போட்டேன். ஒரே சைஸ். அது எந்த வண்டில போய் மாட்டுதுன்னு எனக்கும் தெரியாது."

அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, முகம் மட்டும் கோணிப்போனது.

"இந்தப் போல்ட்டுக்கா என் பொண்ணு மண்டைய ஒடைச்சீங்க?"

அப்பா எழுந்து வந்தார். இந்தத் தடவை மொட்டை மாடிக்குப் போகவில்லை. என் முன்னால் நின்று, என் பல் தடம் இருந்த கையைத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் உடம்பு பின்னால் போனது. அதைப் பார்த்துவிட்டார். கையைக் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்து, நான் நகராமல் நிற்கிறேன் என்று தெரிந்த பிறகு என் தழும்பின் மேல் வைத்தார்.

"தள்ளுன்னான் பாப்பா" என்றார். "நான் தள்ளிட்டேன்."